கலஹாவிலிருந்து வந்த எலிகள்

கண்டிக்கு என்ன வேலையாகப் போகிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் "எலிக்கருவின் மூளையைப் பார்க்க" என்று சொல்லிவைத்தேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அங்கே சண்டை நடக்கிறதே என்று மனைவி மட்டும் முனகினாள். சண்டை வடக்கே, நான் போவது மலைநாட்டுக்கு என்று வரைபடத்தை விரித்துக் காட்டினேன். வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

விமான நிலையத்திலிருந்து ஏறிய பஸ்ஸில் என் மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி. அதற்குள் உலர்பனிக்கட்டி, அதன் நடுவே சுண்டுவிரல் நுனி அளவில் சில குப்பிகள். கண்டிக்குச் சற்று முன்னால் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் ஒருவன் பெட்டியின் மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை பொங்கி அவன் பூட்ஸ் மேல் வழிந்தது. அவன் பின்னால் பாய்ந்து துப்பாக்கியைத் தூக்கிய வேகத்தில் நானும் என்னை அறியாமல் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டேன். இந்தியப் பாஸ்போர்ட்டைக் கண்ட பிறகு கொஞ்சம் இறங்கிவந்தான். கிரிக்கெட்டைப் பற்றி ஏதோ கேட்டான். எனக்கும் கிரிக்கெட்டுக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தாலும் பலமாகத் தலையாட்டினேன்.

என்னோடு இறங்கியவர்களில் தமிழ்ப் பெயர்க்காரர்களைத் தனியாக நிறுத்தியிருந்தார்கள். என் பெயரும் தமிழ்தான், ஆனால் என் கையில் இருந்த புத்தகம் வேறு. அவர்களில் இரண்டு பேரை விட்டுவிட்டு பஸ் கிளம்பியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கௌரி என்னைக் கூப்பிட்டுப்போக பஸ் நிலையத்துக்கு வந்திருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. பல வருஷங்களுக்கு முன் வெளிநாட்டில் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருவரும் பயிற்சி பெற்றோம். இப்போது பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. மூளை வளரும்போது உறவுக்கார மரபணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது அவளுடைய ஆராய்ச்சி. எத்தனையோ யுகத்துக்கு முன்னால் ஒரே மரபணு இரண்டு பிரதியாகி, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, இன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல் இருக்கின்றன. சாயல் ஒன்று, நேரம் வேறு. ஒன்று கருவில் வெகு சீக்கிரமே விழித்துத் தலைப்பக்கத்தை உருவாக்குகிறது. மற்றது பின்னால் வந்து, உருவான மூளையை ஒழுங்குபடுத்துகிறது. எது, எந்த நாளில், எந்த மூலையில் விழிக்கிறது என்று சாயமேற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு வேண்டிய பொருள்தான் என் குப்பிகளில் இருந்தது. அதைக் கொடுக்கவும் முறையைக் கற்றுத்தரவும்தான் என்னை அழைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அவள் வீட்டில் இடியப்பமும் சொதியும் கட்டச் சம்பலும். எங்கள் மதுரையில் இடியாப்பம் என்றால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான். இங்கே சம்பலின் உறைப்பு காதுவரைக்கும் ஏறியது. நான் மூன்றாவது தடவை போட்டுக்கொண்டேன். கௌரி சாப்பிடவில்லை. குப்பிகள் கெட்டுப்போகாமல் வந்து சேர்ந்ததைப் பற்றி நான் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது குறுக்கிட்டாள்.

"பெட்டியைப் பிறகு பாப்பம் அண்ணா. யோகராஜாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்."

யோகராஜா அவளுடைய எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர். நாற்பதைத் தாண்டியவர், கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடும்பம். பெண் எலிகளை ஆணோடு விட்டு, மறுநாள் காலை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, எது என்றைக்குக் கருக்கொண்டது என்று குறித்துவைப்பது அவர் வேலை. அந்த நாள் தவறினால் எல்லாம் போச்சு. ஒரு நாள் முந்தினால் மரபணு இன்னும் விழித்திருக்காது. பிந்தினால் வேறிடத்துக்குப் போயிருக்கும். சரியான நாளில் கருவை எடுத்து, எடுத்த கையோடு கெடாமல் காக்கும் மருந்தில் போட்டுவிட வேண்டும். அந்த மருந்தையும் முன்கூட்டிக் கலந்துவைக்க முடியாது. வெள்ளைத் தூள் ஒன்றை அன்றன்றைக்குச் சூடாக்கிக் கரைக்க வேண்டும்.

சில வாரங்களுக்கு முன் ஊரில் குண்டு வெடித்திருந்தது. எந்த நேரத்தில் ஊரடங்கு போடுவார்கள் என்று தெரியாது. ஊரடங்கு வந்தால் எலிக்கூடத்துக்கு வர முடியாது, நாள் தவறிவிடும். "என்ன வந்தாலும் நாளைத் தவறவிடாதேங்கோ" என்று கௌரி அவரிடம் சொல்லியிருக்கிறாள். மனுஷன் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார். கருவுற்ற எலிகளைக் கூண்டோடு தூக்கி லயத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். கூடவே வெள்ளைத் தூள், ஊசிகள், கத்தரிக்கோல், மணியடிக்கும் சிறிய கடிகாரம். மறுநாள் விடிகாலையில் படையினர் லயத்தைச் சோதனை போட்டார்கள்.

தமிழன் வீட்டில் வெள்ளைத் தூளும் கடிகாரமும். நான் சம்பல் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"இதை ஏன் முன்னாலேயே சொல்லல?"

"சொல்லியிருந்தால் வந்திருப்பியளோ?" என்றாள். பிறகு மெதுவாக, "நான் யாழ்ப்பாணத்தில பிறந்த ஆள். ஐடென்ரி காட்டில அது கிடக்கு. தனியப் பொலிசுக்குப் போனால் என்னையும் உள்ளுக்கை வைச்சிடுவாங்கள். இந்தியப் பாஸ்போட்டோடை நீங்கள் பக்கத்தில நிண்டால் ஒரு மதிப்பு. அந்தத் தூள் என்ன, எலி என்னத்துக்கு எண்டு ஆராவது விளங்கப்படுத்த வேணும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. என்னை ஏமாற்றி வரவழைத்திருக்கிறாள். எழுந்துபோய்க் கை கழுவினேன். கழுவி முடிப்பதற்குள் கோபம் போய்விட்டது, பயம் மட்டும் மிஞ்சியது.

மறுநாள் கலஹா பஸ். எலிகள் இன்னும் லயத்தில்தான் இருக்கின்றன என்று யோகராஜாவின் மனைவி சொல்லியனுப்பியிருந்தாள். தூளையும் கடிகாரத்தையும் தூக்கிக்கொண்டுபோன படையினர் எலிகளை விட்டுவிட்டார்கள். எலி இல்லாமல் எலிக்கதை சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் எலிகளைக் கொண்டுவந்து காட்டுவது என்று முடிவு செய்தோம்.

பஸ் ஏற்றத்தில் இருமிக்கொண்டே போனது. ஒரு திருப்பத்தில் நின்றேவிட்டது. ஓட்டுநர் கீழே குனிந்து பார்த்து ஏதோ சிங்களத்தில் திட்ட, உள்ளே இருந்த எல்லோரும் சிரித்தார்கள். "வண்டிக்கும் இண்டைக்கு ஊரடங்காம்" என்று கௌரி மொழிபெயர்த்தாள். எனக்கு முன்னால் இருந்த சிங்களக் கிழவர் தன் பையிலிருந்து ஒரு கொய்யாப் பழத்தை எடுத்து, கேட்காமலே எனக்குப் பாதி பிட்டுக் கொடுத்தார். மற்ற நேரமாக இருந்தால் இந்த மலையையும் மூடுபனியையும் பற்றி ஒரு பக்கம் எழுதியிருப்பேன். அன்றைக்கு எதுவும் கண்ணில் ஏறவில்லை.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கட்டிய அறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு வீடு. யோகராஜாவின் மனைவி தெய்வானை வாசலிலேயே நின்றாள். கொழுந்து பறிக்கும் வேலைக்கு அன்று போகவில்லை.

"வாங்க மிஸ். வாங்கய்யா. உள்ள வாங்க, வெளிய நிக்காதீங்க, எல்லாரும் பாக்குறாங்க."

ரொட்டியும் பிளேன்டீயும் தந்தாள். ரொட்டி கனமாக, தேங்காய்ப்பூ வாசத்தோடு இருந்தது. அடுப்புக்குப் பின்னால் கோணிச் சாக்கை விலக்கிக் கூண்டைக் காட்டினாள். மூன்று தாய் எலிகளில் இரண்டு ஏற்கெனவே குட்டி போட்டுவிட்டன. சிவந்த விரல்கள்போல் குட்டிகள் நெளிந்தன. கடைசியாகக் கருக்கொண்ட ஒன்று மட்டும் வயிறு உப்பி மூலையில் சுருண்டிருந்தது.

"அவர இழுத்துக்கிட்டுப் போறப்ப, என்னையப் பாத்து ஒரு வார்த்த சொல்லல சார். இதுங்களுக்குத் தண்ணி வையின்னுதான் கத்திக்கிட்டுப் போனாரு" என்றாள் தெய்வானை. "நானும் பயந்துக்கிட்டே வச்சேன். இத வச்சிருந்தா என்னையும் புடிப்பாங்களோன்னு ஆத்துல விட்டுறலாம்னு பாத்தேன். மனசு வரல. வந்து கேட்டாருன்னா என்ன சொல்றது?"

"பொலிசுக்குப் போனனீங்களோ?" என்று கௌரி கேட்டாள்.

"தெனமும் போறேன் மிஸ். பாக்க விட மாட்டேங்குறாங்க. ஆனா அங்கதான் இருக்காருன்னு கேட்டுல சொல்றாங்க."

கௌரி குனிந்து, உப்பிய எலியின் வயிற்றை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள். "இது நாள் சரி" என்றாள். தான் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதன் லாக்கப்பில் கிடக்கிறான் என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

எலிக்கூண்டோடு பஸ்ஸில் ஏற முடியாது. கலகெதரயில் தவிடும் கடலையும் விற்கும் ஹனீபா நானாதான் (நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்) எலிக்கூடத்துக்குத் தீனி கொடுப்பவர். அவர் தன் வேனைக் கொண்டுவருவதாகச் சொன்னார். நான் வந்த மூன்றாம் நாள் காலையில் சொன்னபடி கௌரி வீட்டிலிருந்து எங்களை ஏற்றிக்கொண்டு லயத்துக்கு வந்தும் விட்டார். தெய்வானையும் கையில் சோற்றுக் கேரியரோடு எங்களோடு ஏறிக்கொண்டாள்.

"பயப்பட வாணாம் சேர்" என்றார் நானா, வேனைத் திருப்பிக்கொண்டே. "வாப்பா காலத்திலேந்து இந்த ரோட்டுல யாவாரம். யோகராஜா நல்ல மனுசன். தவிட்டுல ஒரு கல்லு கிடந்தாலும் திருப்பி அனுப்பிருவாரு. எலிக்குப் பல்லு போயிருமாம்."

சாவடிகளில் நானாவைத் தெரிந்திருந்தது. கூண்டைப் பார்த்த சிப்பாய்கள் முகத்தைச் சுளித்தார்கள், ஒருவன் குட்டிகளை எண்ணிச் சிரித்தான். மடியில் பெட்டியோடு வந்த நாளைவிட அன்று எளிதாகத்தான் போய்ச் சேர்ந்தோம். எனக்கு அது நல்ல சகுனமாகக்கூடத் தோன்றியது.

தெய்வானையை வெளியே வேனில் இருக்கச் சொல்லிவிட்டு, கௌரியும் நானும் கூண்டோடு போலீஸ் நிலையத்துக்குள் போனோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் மரப் பெஞ்சில் காத்திருந்தோம். இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர், சுத்தமாகச் சவரம் செய்த முகம். என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். கௌரியின் அடையாள அட்டையை அதைவிட நிதானமாகப் பார்த்தார். "கதிரையில் இருங்கள்" என்று நாற்காலியைக் காட்டித் தமிழில் சொல்லிவிட்டுச் சிங்களத்துக்கு மாறினார். அதன்பிறகு அவர் சொன்னது முழுவதும் கௌரி எனக்கு மாற்றிச் சொன்னது.

"நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவன். டொக்டராக நினைத்தேன். இந்த எலிகள் எதற்கு? சுருக்கமாகச் சொல்ல வேண்டாம், விவரமாகச் சொல்லுங்கள்."

நான் தொடங்கினேன். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன, ஆனால் எல்லாம் எல்லா இடத்திலும் விழித்திருப்பதில்லை என்றேன். மூளை உருவாகும்போது எது எப்போது விழிக்கிறது என்பதில்தான் முன்மூளை, பின்மூளை என்ற பிரிவே தங்கியிருக்கிறது. அதில் சில மரபணுக்கள் உறவுக்காரர்கள், ஒரே மூதாதையிலிருந்து வந்தவை. இதைச் சொல்லும்போது கௌரி ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் மொழிபெயர்த்தாள்.

"ஒன்று இல்லாவிட்டால்?"

"எது என்பதைப் பொறுத்தது. முதலில் விழிப்பது இல்லாவிட்டால் குட்டிக்குத் தலையே உருவாகாது. பிந்தி விழிப்பது இல்லாவிட்டால் தலை இருக்கும், மூளையும் இருக்கும். ஆனால் சிறுத்திருக்கும், வலிப்பு வரும்."

"உறவுக்காரன்தானே. மற்றவன் அந்த வேலையைச் செய்ய மாட்டானா?"

நல்ல கேள்வி. என் மாணவர்கள் ஒரு பருவம் முழுக்கப் படித்தும் கேட்காத கேள்வி. "சில இடங்களில் செய்கிறது. அங்கே அந்த நேரத்தில் அதுவும் விழித்திருந்தால் மட்டும்" என்றேன். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மேஜையிலிருந்த ஒரு காகிதத்தில் எலிக்கருவை வரைந்தேன், தலையில் கோடுகள் போட்டேன். தேநீர் வந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"இரண்டுக்கும் சாயல் ஒன்று என்கிறீர்கள். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

"ஒவ்வொன்றிலும் போய் ஒட்டிக்கொள்ளும் ஓர் இழையைத் தயாரித்து அதில் அடையாளம் வைப்போம். பொதுவான பகுதியைப் பார்த்துத் தயாரித்தால் இரண்டிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் இரண்டும் வித்தியாசப்படுகிற பகுதியைப் பார்த்துத் தயாரிக்க வேண்டும்."

"தவறிப்போய் வேறொன்றில் ஒட்டிக்கொண்டால்?"

"அந்த மூளைத்துண்டு ஒட்டிய கண்ணாடித் தகட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்வோம்."

அவர் காகிதத்தை மேஜையில் தள்ளிவைத்தார். "உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது" என்றார்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். தூள் டப்பா, ஊசிகள், கத்தரிக்கோல், இடுக்கி, சிறிய கடிகாரம். "காட்டுங்கள்" என்றார் கௌரியிடம். "நீங்கள் சொல்கிற மூளையை நான் பார்க்க வேண்டும்."

பின்பக்கத் தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டார்கள். கான்ஸ்டபிள்கள் சுற்றி நின்றார்கள். கௌரி உப்பிய எலியை எடுத்து, உள்ளங்கையில் ஒரு நிமிஷம் வைத்திருந்தாள். பிறகு கழுத்தை ஒரே இழுப்பில் முறித்தாள். வயிற்றைத் திறந்ததும் மணி கோத்ததுபோல் கருக்கள் வரிசையாக வந்தன. ஒன்றைப் பிரித்துச் சாஸரில் தண்ணீர் விட்டு வைத்தாள். மொச்சைக்கொட்டை அளவு. பழக்கதோஷத்தில் அவள் கை மருந்துக் குப்பிக்காகப் பக்கத்தில் துழாவியது. அங்கே எதுவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் குனிந்தார். தலை கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. உள்ளே மூளையின் மூன்று வீக்கங்கள் தெரிந்தன. இது முன்மூளை, இது நடுமூளை, இந்த மடிப்பில்தான் பிந்தி வருகிற மரபணு இந்நேரம் விழித்துக்கொண்டிருக்கும் என்று கௌரி இடுக்கி நுனியால் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் என்னிடமே சொன்னார்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். மதியச் சாப்பாட்டை யோகராஜாவோடு எங்கே சாப்பிடலாம் என்றுகூட மனம் போயிற்று.

உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு தாளில் ஏதோ எழுதினார். பொருட்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கௌரியிடம் கையெழுத்து வாங்கினார். தூளும் கடிகாரமும் ஊசிகளும் பைக்குள் போயின. ஆபத்தான பொருள் எதுவும் இல்லை என்பதில் தனக்கு இப்போது சந்தேகமில்லை என்றார்.

"அப்ப யோகராஜா?" என்றாள் கௌரி. அவசரத்தில் தமிழிலேயே கேட்டுவிட்டாள்.

"அவன் இங்கே இல்லை" என்றார். "பிடித்த மறுநாளே உத்தரவு போட்டு அனுப்பிவிட்டோம். மேலிடத்துக் கையெழுத்து. எந்த முகாம் என்று எனக்கு அறிவிப்பதில்லை."

கௌரி இதை எனக்கு உடனே மொழிபெயர்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்தது. பிறகுதான் சொன்னாள்.

"அப்படியானால் இவ்வளவு நேரம் எதற்கு எங்களை..." என்று நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"நீங்கள் விளக்க வந்தீர்கள்" என்றார், அவரும் ஆங்கிலத்திலேயே. "நான் கேட்டேன். நன்றாக விளக்கினீர்கள்." அதில் கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் என்னால் அவரை வெறுத்துவிட்டு வந்திருக்க முடியும். எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்தார். நான் அந்தக் கையைக் குலுக்கினேன். இன்றைக்கும் எனக்கு அது அருவருப்பாக இருக்கிறது.

கௌரி கூண்டைத் தூக்கிக்கொண்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டேன். தெய்வானை வேனில் இருக்கவில்லை. வெளிக்கதவுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றிருந்தாள். எங்கள் கையில் கூண்டையும் பையையும் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. சாமான் வந்துவிட்டால் ஆளும் வருவார்தானே. எங்களுக்குப் பின்னால், கட்டடத்து வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பாத்தீங்களா மிஸ்? எளச்சிப் போயிருக்காரா? நீங்க உள்ள போன பொறகு சோத்துக் கேரியரக் குடுத்தேன். தெனமும் வாங்கிக்கிற அய்யாதான் வாங்கிக்கிட்டாரு. நேத்து கருவாடு வச்சிருந்தேன். அவருக்குப் புடிக்கும், எல்லாத்தையும் சாப்புட்டு முடிச்சிருந்தாரு."

கௌரி கூண்டைக் கீழே வைத்தாள். "தெய்வானை, அவர் இஞ்சை இல்லை" என்றாள். "பிடிச்ச அடுத்த நாளே கொண்டுபோட்டாங்கள். எங்கை எண்டு சொல்லுறாங்கள் இல்லை."

தெய்வானை அழவில்லை. எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு நேராக வாசல் காவலாளியிடம் போனாள். ஹனீபா நானா வேனிலிருந்து இறங்கி, "வாணாம் தங்கச்சி, வாணாம்" என்று பின்னாலேயே போனார்.

"என் கேரியரக் குடுங்க" என்றாள் காவலாளியிடம். அவனுக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, அவள் நீட்டிய கை புரிந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனான். கேரியரைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான்.

அவள் ஒவ்வொரு அடுக்காகத் திறந்து பார்த்தாள். எல்லாம் காலி. கழுவித் துடைத்திருந்தார்கள்.